தெய்வம் தடுத்ததா, ஊர் தடுத்ததா?

நைஜீரிய எழுத்தாளர் எலெச்சி அமாடியின் 'தி கான்குபைன்' ('வைப்பு') நாவலை முடித்த கையோடு நீங்கள் கேட்டிருப்பது இது: ஊரே மெச்சும் ஒரு பெண்ணை ஒருவன் மனமாரக் காதலிக்கிறான். அவள் கடல் அரசனின் மனைவி, அவளைத் தொடுகிறவர்கள் சாவார்கள் என்று குறிசொல்பவர் சொல்கிறார். அவனும் செத்துப்போகிறான். ஆப்பிரிக்கக் கிராமக் கதைகளில் காதல் இப்படி மூடநம்பிக்கையிடம் தோற்றே ஆகவேண்டுமா, ஆசிரியர் இதையெல்லாம் நம்பித்தான் எழுதினாரா? இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. நமக்கு நம்பிக்கை இல்லாத ஒரு தெய்வம் அடித்துச் செத்தவனுக்காக நாம் எப்படி அழுவது? உங்கள் வரிகளில் ஏமாந்துபோன எரிச்சல் தெரிகிறது. முதல் வாசிப்பில் எனக்கும் அது வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான்கு ஆண்டுகள் நைஜீரியாவின் ரிவர்ஸ் மாநிலத்தில், போர்ட் ஹார்கோர்ட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்த ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தேன். அந்த நாட்களில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே நிறையப் பேர் போனார்கள். இந்த நாவலை வகுப்பில் மூன்று முறை நடத்தியிருக்கிறேன். கதை நடக்கும் இக்வெரே மண்ணுக்குப் பக்கத்திலேயே இருந்தும், அந்த மொழி எனக்குச் சந்தையில் பேரம் பேசும் அளவுக்கு மேல் வரவில்லை. ஆகவே நான் சொல்லப்போவது ஆங்கிலத்தில் படித்ததும், படித்ததை மாணவர்கள் திருத்தியதும்தான். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்கா முழுவதற்கும் பதில் சொல்ல என்னால் ஆகாது. நைஜீரியாவின் தென்கிழக்கு மூலையில் இக்போ, இக்வெரே மக்களைப் பற்றி எழுதப்பட்ட நாவல்களோடு நிறுத்திக்கொள்கிறேன். கென்யாவின் கிக்குயு கிராமங்களைப் பற்றி கூகி வா தியாங்கோ எழுதியதற்குக் கணக்கே வேறு.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியவை. அமாடி 1934இல் பிறந்தவர், 2016இல் மறைந்தார். இபாடான் பல்கலைக்கழகக் கல்லூரியில் இயற்பியலும் கணிதமும் படித்தவர். நில அளவையாளராகவும் ஆசிரியராகவும் ராணுவ அதிகாரியாகவும் வேலை பார்த்தவர். நாவல் வெளிவந்தது 1966இல். அதில் வெள்ளைக்காரன் ஒருவன்கூட வருவதில்லை. தேவாலயம் இல்லை, கோர்ட்டுக் கச்சேரி இல்லை, வரி இல்லை. ஒமோகாச்சி என்ற கிராமமும் அக்கம்பக்கத்து ஊர்களும் அவற்றின் தெய்வங்களும்தான் அந்த உலகம். 'பழைய நம்பிக்கைக்கும் புதிய காலத்துக்கும் மோதல்' என்று நாம் கையில் தயாராக வைத்திருக்கும் வாய்பாடு இங்கே பொருந்தாமல் போவதற்கு முதல் காரணம் இது. மோதுவதற்கு அங்கே இரண்டு காலங்கள் இல்லை.

அடுத்து, ஆண்கள் மூவரும் எப்படிச் சாகிறார்கள் என்று பாருங்கள். கதாநாயகி இஹுவோமாவின் கணவன் எமெனிகே ஒரு நிலத் தகராறில் மதுமேயுடன் கட்டிப் புரள்கிறான். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்ட நோயில் சாகிறான். விதவையின் மேல் கண் வைத்த மதுமே, அவள் வீட்டு வாழைத்தாரை வெட்டப் போகிறான். மறைந்திருந்த நாகம் கண்ணில் விஷத்தைத் துப்புகிறது. பார்வை போனவன் தூக்கில் தொங்கிவிடுகிறான். மேற்கு ஆப்பிரிக்காவில் விஷம் உமிழும் நாகம் உண்மையிலேயே இருக்கிறது. அந்த விஷம் கண்ணில் பட்டு உடனே கழுவாவிட்டால் பார்வை போகலாம். மூன்றாமவன், நீங்கள் கேட்ட அந்தக் காதலன் எக்வுமே. கடல் அரசனைக் கட்டுப்படுத்தும் சடங்குக்குப் பல வண்ணங்கள் கொண்ட ஆண் ஓணான் ஒன்று வேண்டும் என்று அக்வோதுரும்பே என்னும் வெளியூர் மந்திரவாதி பட்டியல் கொடுக்கிறார். ஓணானைக் குறிவைத்து இஹுவோமாவின் மகன் நுவோன்னா விட்ட அம்பு எக்வுமேயின் வயிற்றில் பாய்கிறது. நடு ஆற்றில் சடங்கு நடக்க வேண்டிய இரவு, நள்ளிரவு தாண்டிய சிறிது நேரத்தில் அவன் உயிர் போகிறது.

அந்த ஓணானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் நாவலின் சூட்சுமம் அதில்தான் இருப்பதாக நினைக்கிறேன். ஏதோ அபூர்வமான பிராணி என்று நீங்கள் நினைத்திருக்கலாம். எங்கள் பள்ளிச் சுவரில் வெயில் ஏறியதும் பத்துப் பன்னிரண்டு வந்து ஒட்டிக்கொள்ளும். ஆணுக்கு ஆரஞ்சுத் தலை, நீல உடம்பு, வாலில் மறுபடியும் ஒரு ஆரஞ்சுப் பட்டை. முன்னங்காலை ஊன்றி, தண்டால் எடுப்பதுபோல மேலும் கீழும் உடம்பை ஆட்டிக்கொண்டே நம்மைப் பார்க்கும். சின்னப் பையன்கள் கையில் வில் கிடைத்தால் முதலில் குறி வைப்பது அதைத்தான். அதாவது, காட்டுக்குள் போய்த் தேடிக் கொண்டுவரவேண்டிய ஒன்றை அமாடி கேட்கவில்லை. முற்றத்தில் ஓடுவதைக் கேட்டார். சடங்குக்கு ஓணான் வேண்டும், பையன் வேட்டையாடுகிறான், அம்பு தவறுகிறது. மூன்றும் தனித்தனியே பார்த்தால் அன்றாடம் நடப்பவை. கடல் அரசனை மொத்தமாக எடுத்துவிட்டாலும் மூன்று சாவுகளும் அப்படியே நிற்கும். அவன் இருக்கிறான் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு முரண்பாடும் வராது. ஒவ்வொரு சாவுக்கும் இரண்டு காரணங்களை அருகருகே வைத்துவிட்டு ஆசிரியர் விலகிக்கொள்கிறார்.

வகுப்பில் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, 'எக்வுமேயைக் கொன்றது யார்?' பாதிப் பேர் கடல் அரசன் என்பார்கள். மிஷன் பள்ளியில் படித்து வந்தவர்கள் விபத்து என்பார்கள். ஒரு வருடம் பின் பெஞ்சில் இருந்த ஒரு மாணவி எழுந்து, 'சார், அவனுடைய அவசரம்' என்றாள். விளக்கம் கேட்டேன். 'ஒரு ராத்திரி பொறுத்திருந்தால் சடங்கு முடிந்திருக்கும். இன்னொருவர் மனைவியைக் கேட்டுப் போகிறவன் அந்த இன்னொருவரிடம் பேசி முடிக்கும்வரை அவள் வீட்டுப் பக்கம் போகக்கூடாது' என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாவலை ஒரு வரியில் அவள் மாற்றி வைத்துவிட்டாள். நான் அதுவரை கடல் அரசனைச் சாபம் என்றே நினைத்திருந்தேன். அவளுக்கு அவன் ஒரு கணவன். கோபம், உரிமை, மானம் எல்லாம் உள்ள, பேசினால் ஓரளவு இறங்கி வரக்கூடிய ஒரு ஆள்.

அந்தக் கண்ணோட்டத்தோடு குறிசொல்பவர் அன்யிகாவின் பேச்சைத் திரும்பப் படியுங்கள். இஹுவோமாவை மணப்பது சாவு. ஆனால் அவளை வைப்பாக வைத்துக்கொள்ள, கடினமான சடங்குகளுக்குப் பிறகு, கடல் அரசன் ஒருவேளை சம்மதிப்பான் என்கிறார். தலைப்பு அங்கிருந்துதான் வருகிறது. கதை முழுவதும் இஹுவோமா யாருக்கும் வைப்பாக இருப்பதில்லை. அவளைப் போலக் கட்டுச் செட்டாக வாழும் பெண் அந்த ஊரில் வேறு யாரும் இல்லை. அவளுக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது ஒரு சமரசத் திட்டம். எக்வுமேக்கோ அவளை ஊரறிய மனைவியாக்கிக்கொள்ள வேண்டும். காதலுக்கும் நம்பிக்கைக்கும் சண்டை என்று நீங்கள் பார்த்த இடத்தில், ஒரே பெண்மேல் உரிமை கொண்டாடும் இரண்டு ஆண்களின் பஞ்சாயத்தை அந்த ஊர் பார்க்கிறது. ஒருவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பஞ்சாயத்து என்பதால்தான் பட்டியல், செலவு, தூது, நாள் குறிப்பு எல்லாம் வருகின்றன. சம்பந்தம் பேசுவதற்கும் சடங்கு பேசுவதற்கும் இந்த நாவல்களில் நடை ஒன்றே.

நீரில் வாழும் துணை என்ற எண்ணம் அமாடியின் கற்பனையில் முளைத்தது அன்று. நைஜர் ஆற்று முகத்துவாரப் பகுதி முழுவதும் நீர்வாழ் ஆவிகளைப் பற்றிய நம்பிக்கையும் சடங்குகளும் உண்டு. பிற்காலத்தில் 'மாமி வாட்டா' என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்கா நெடுகப் பரவிய நீர்ப்பெண்ணும் இந்தக் குடும்பம்தான். இதில் நமக்கு ஒரு வேடிக்கையான பங்கு இருக்கிறது. மாமி வாட்டாவின் உருவமாக அங்கே வீடுகளில் மாட்டப்பட்ட படம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் அச்சான ஒரு பாம்பாட்டிப் பெண்ணின் படம். கானா வணிகர்கள் பிரதி அனுப்பிக் கேட்க, 1955இல் பம்பாயின் காலண்டர் அச்சகம் ஒன்று அதை 12,000 பிரதிகள் அடித்துக் கப்பலில் அனுப்பியது. 'உங்கள் நாட்டு அம்மன்தானே சார்?' என்று என்னிடம் ஒரு கடைக்காரர் கேட்டதன் அர்த்தம் எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது.

அதே 1966இல், ஒரே பதிப்பகத்தின் ஒரே ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசையில், அமாடியின் நாவல் 25ஆம் எண். அடுத்த 26ஆம் எண் ஃப்ளோரா நுவாபாவின் 'எஃபுரு'. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் உங்கள் கேள்விக்குப் பதில் முழுமையடையாது. எஃபுரு தானே ஒருவனைத் தேர்ந்தெடுத்து, பரிசப்பணம் கொடுக்க வக்கில்லாத அவன் வீட்டுக்குத் தானே போகிறாள். இருவரும் வியாபாரம் செய்து பின்னால் கட்டிவிடுகிறார்கள். அவன் ஓடிப்போகிறான், குழந்தை சாகிறது. இரண்டாம் கணவன் கில்பர்ட்டும் சரியில்லை. இதற்கிடையே ஏரியின் பெண் தெய்வம் உஹாமிரி அவளைக் கனவில் அழைக்கிறது. உஹாமிரி செல்வம் தருவாள், அழகு தருவாள், பிள்ளை தரமாட்டாள். இக்போ வாரம் நான்கு நாட்கள் கொண்டது. அதில் ஓரியே நாள் வந்தால் எஃபுரு வெள்ளை உடுத்த வேண்டும், அன்று இரவு கணவனோடு படுக்கக்கூடாது. நான்கில் ஒரு நாள் ஒரு பெண் தனக்கே உரியவளாக இருக்க, தெய்வத்தின் பெயரால் ஓர் ஏற்பாடு! அங்கே ஆண் தெய்வம் பெண்ணைக் கட்டிப்போட்டது. இங்கே பெண் தெய்வம் அவிழ்த்துவிடுகிறது. எஃபுரு நோயில் விழும்போது அவள் சோரம் போனதால்தான் இந்த நோய் என்று பழி வருகிறது. அப்போதும் அவளுக்குக் கைகொடுப்பது தெய்வத்தின் முன் அவள் செய்யும் சத்தியம்தான். (பழி சொன்ன கில்பர்ட்டின் தலையில் அஜனுபு என்ற கிழவி உலக்கையால் போடுவது தனிக் கதை. என் மாணவிகள் அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள்.)

இனி, எரிச்சல்படவேண்டிய இடம் என்று நான் நினைப்பது. சினுவா அச்சிபியின் 'நோ லாங்கர் அட் ஈஸ்', 1960இல் வந்தது. இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த ஒபி, நர்ஸாக இருக்கும் கிளாராவை மணக்க விரும்புகிறான். அவள் ஓசு. முன்னோர் ஒருவர் ஒரு தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர் என்பதால், வழிவழியாகத் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட பிரிவு அது. நைஜீரியாவின் கிழக்கு மாகாணச் சட்டமன்றம் 1956இலேயே ஓசு முறையைச் சட்டப்படி ஒழித்தது. ஒபியின் தந்தை, வாழ்நாளெல்லாம் வேதம் போதித்த கிறித்தவர். பழைய தெய்வங்களில் ஒன்றைக்கூட அவர் நம்புவதில்லை. அப்படியும் மறுக்கிறார். அதற்கு அவர் மேற்கோள் காட்டுவது பைபிளை: சிரியாவின் படைத்தலைவன் நாமான் பெரிய மனிதன்தான், ஆனாலும் குஷ்டரோகி. தாயோ, தான் உயிரோடு இருக்கும்போது இந்தக் கல்யாணம் நடந்தால் உயிரை மாய்த்துக்கொள்வேன் என்கிறாள். தெய்வம் போய்விட்டது, தெய்வம் வைத்த தடை மட்டும் இருக்கிறது. அதை இப்போது காப்பது யார்? ஊரும் உறவும்.

புச்சி எமிசேட்டாவின் 'தி பிரைட் பிரைஸ்' இதே வகை. 1976இல் வந்தது. பரிசப்பணம் வாங்காமல் போன பெண் முதல் பிரசவத்தில் சாவாள் என்பது இபுசா ஊரின் நம்பிக்கை. அகுன்னா அடிமை வழிவந்த குடும்பத்துப் பையன் சிகேயோடு ஓடிப்போகிறாள். அவன் தந்தை பணத்தோடு வாசலில் வந்து நிற்கிறார். அவளுடைய தந்தையின் சகோதரர் வாங்க மறுக்கிறார். மறுப்பது யார் என்று பாருங்கள், கடல் அரசன் இல்லை. சாமான்ய மனிதன், பெருமை போய்விடுமே என்ற பயத்தில். அகுன்னா பிரசவத்தில் சாகிறாள். வயதும் உடம்பும் பிள்ளைப்பேற்றுக்குப் போதாது என்ற காரணமும் கதையிலேயே இருக்கிறது. கடைசிப் பத்தியில் எமிசேட்டா, இந்தச் சாவே ஊரில் கதையாகி அடுத்த தலைமுறைப் பெண்களைப் பயமுறுத்தப் பயன்படுகிறது என்று முடிக்கிறார். அமாடி விலகிக்கொண்ட இடத்தில் இவர் விலகவில்லை. இரண்டு காரணங்களில் ஒன்றை இன்னொன்றுக்குக் கருவியாக்கும் மனிதர்களைக் காட்டிவிடுகிறார்.

ஆக, இந்த நாவல்களைப் படிக்கும்போது நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை இது: காதலைத் தடுப்பவருடன் பேச்சு வார்த்தை நடத்த வழி இருக்கிறதா? அமாடியில் இருக்கிறது, ஓர் அம்பு முந்திக்கொள்கிறது. நுவாபாவில் இருக்கிறது, பேச்சு வார்த்தையில் பெண் ஏதோ சம்பாதிக்கவும் செய்கிறாள். அச்சிபியின் ஓசுக் கதையிலும் எமிசேட்டாவிலும் இல்லை. அங்கே நம்பிக்கை சாதியாகவும் கௌரவமாகவும் இறுகிப்போயிருக்கிறது. 'மூடநம்பிக்கை' என்ற ஒரே சொல்லால் இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டினால், இரண்டாவது வகை தப்பித்துக்கொள்கிறது. இது என் வாசிப்பு, நாவலாசிரியர்கள் கையெழுத்துப் போட்டுத் தந்த சூத்திரம் இல்லை. பெண்ணியப் பார்வையில் படிப்பவர்கள் என்னை மறுப்பார்கள்: இஹுவோமாவின் கடல் கணவனும் ஊர் கட்டிய வேலிதான், அழகான விதவை யாருக்கும் கிடைக்காமல் இருக்க ஆண்கள் சொன்ன கதை என்பார்கள். அந்த வாதத்தை என்னால் முழுதாகத் தள்ள முடியவில்லை. ஆனால் அந்த நாவலில் ஊரும் எக்வுமேயின் பெற்றோரும் கடைசியில் கல்யாணத்துக்கு இணங்கிவிடுகிறார்கள், பணம் செலவழித்து வெளியூர் மந்திரவாதியை அழைக்கிறார்கள். வேலி கட்டியவர்கள் அதைப் பிரிக்கக் கூலி கொடுப்பார்களா என்பது என் தயக்கம்.

அமாடி நம்பினாரா என்ற கேள்விக்கு நாவலை வைத்து 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லமுடியாது. சொல்லக்கூடியது ஒன்று: கதைசொல்லி எங்கேயும் குரலை உயர்த்திச் சிரிப்பதில்லை. மனிதர்கள் நம்புவதை, மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போகிறார். அந்தச் சமநிலை எளிதில் வராது. அதே காலத்தில் எழுதிய பலர் வெளிநாட்டு வாசகனைப் பார்த்து ஒரு கண் சிமிட்டாமல் சடங்கை எழுத முடியவில்லை.

காதல் தோற்றே ஆகவேண்டுமா என்பதற்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். அச்சிபியின் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' (1958) நாவலைத் தமிழிலேயே படிக்கலாம், என்.கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' என்று மொழிபெயர்த்திருக்கிறார். அதில் எட்டாம் அத்தியாயத்தில் ஒன்றரைப் பக்கம் வரும் ஒரு செய்தி. ந்துலுவே என்ற முதியவர் இறந்துபோகிறார். ஊரின் மூத்த மனிதர், சாவு முரசு முழங்கியிருக்க வேண்டும், முழங்கவில்லை. ஏனென்றால் மூத்த மனைவி ஓசோஎமெனா செய்தி கேட்டு, கோலை ஊன்றி அவர் குடிசைக்கு வந்து, நிலைப்படியில் கைகளை ஊன்றி மண்டியிட்டு, அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டுவிட்டுத் தன் குடிசைக்குத் திரும்பிப் படுத்தவள் எழவில்லை. அவளைப் புதைத்த பிறகுதான் அவருக்கு முரசு. இருவருக்கும் ஒரே மனம் என்று ஊர் எப்போதும் சொல்லும். அவர்களைப் பற்றிப் பாட்டுகூட உண்டு. கேட்டுக்கொண்டிருக்கும் நாவலின் நாயகன் ஒகோன்க்வோவுக்கு அது புரிவதில்லை. ந்துலுவே வீரர் என்றல்லவா நினைத்தேன் என்கிறான். ஓசோஎமெனா என்ற பெயருக்கு இக்போவில் 'இன்னொரு முறை இப்படி நேராதிருக்கட்டும்' என்று பொருள்.

'தி கான்குபைன்' நாவலிலும் நீங்கள் திரும்பிப் போக வேண்டிய பக்கம் சாவுக்கு முன்னால் இருக்கிறது. அஹுரோலேயைத் தொட்டில் பருவத்திலேயே எக்வுமேக்கு நிச்சயித்திருந்தார்கள். கணவனின் மனம் தன்மேல் இல்லை என்று கண்ட அவள் வசிய மருந்தைக் கலந்து கொடுத்துவிடுகிறாள். அன்யிகா அந்த மருந்தைத் தயாரிக்க மறுத்தவர்; வேறு ஊரில் வாங்கியது. அதுவும் காதல்தான், நினைவிருக்கட்டும். மருந்து மூளையைக் குழப்பி, எக்வுமே காட்டுக்குள் ஓடி ஒரு மரத்தின் மேல் ஏறிக்கொள்கிறான். தந்தையின் கெஞ்சல் பலிக்கவில்லை, ஊராரின் பேச்சு பலிக்கவில்லை. இஹுவோமாவை அழைத்து வருகிறார்கள். மானத்துக்காக அவனை ஒருமுறை மறுத்து அனுப்பியவள், ஊர் பார்த்திருக்க அந்த மரத்தடியில் நின்று, இறங்கி வா என்று அவனைக் கூப்பிடுகிறாள். அவன் இறங்கி வருகிறான்.